தங்கல் வண்டிக்கு ஒரு மாத்திரை

காலையில் அந்த வீட்டில் முதலில் எழுந்திருப்பது சண்டைதான். மனிதர்கள் அதற்குப் பிறகுதான் எழுவார்கள்.

"கதவைத் திறந்து வைன்னு சொன்னேனா இல்லையா?" என்று அவர் படுக்கையிலிருந்தே கத்துவார். குளியலறையோ வாசலோ, எந்தத் தாழ்ப்பாளையும் விரலால் நகர்த்த அவரால் முடியாது.

"திறந்துதான் இருக்கு. கண்ணைத் திறந்து பாருங்க."

"கண்ணு திறக்குதுடி. கைதான் திறக்கல."

டிப்போவில் அவருக்கு ஹாரன் என்று பெயர். இருபத்திரண்டு வருடமாகப் பேருந்து ஓட்டுகிறவர். ஒரு தடவை வண்டியில் ஹாரன் வேலை செய்யாமல் போனபோது தலையை வெளியே நீட்டி வாயாலேயே சந்தைக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து சேர்ந்தார். அன்று ஒட்டிக்கொண்ட பெயர். அவருடைய மனைவியும் அதே டிப்போவில்தான் வேலை பார்த்தாள். கிழிந்த இருக்கைகளுக்கு உறை தைக்கும் பிரிவில், ஜன்னலோரத்து மூன்றாவது தையல் இயந்திரம் அவளுடையது.

முடக்குவாதம் வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. முதலில் மணிக்கட்டு, பிறகு விரல் கணுக்கள், பிறகு தோள். தூங்கி எழுந்தால் இரண்டு கையும் மடங்கிய வாக்கில் அப்படியே நிற்கும். சுடுநீரில் வைத்தாலும் இளகாது. மூட்டு டாக்டரம்மாதான் ஸ்டீராய்டு மாத்திரை எழுதிக் கொடுத்தார். சின்ன வெள்ளை மாத்திரை. முதல் நாள் அதை விழுங்கிய மூன்றாம் மணி நேரத்தில் அவர் சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொண்டார். போட்டதைக் கழற்றினார், மறுபடி போட்டார். ஏழு பொத்தானையும் இரண்டு முறை. பிறகு, "பாத்தியா, நீ போடுறதைவிட நேரா இருக்கு" என்று அவளைக் குத்தினார்.

டாக்டரம்மா அவளிடம்தான் விவரமாகச் சொன்னார். ஹாரன் அப்போது வெளியே வரிசையில் எவனோடோ தகராறு செய்துகொண்டிருந்தார்.

"தினமும் காலையில, சாப்பாட்டோட. நேரத்தை ரொம்ப அலைக்கழிக்காதீங்க. முக்கியமா ஒண்ணு கேளுங்க. இது நம்ம உடம்பு தானாவே சுரக்கிற சரக்கு. வெளியிலேருந்து கொடுத்துப் பழக்கிட்டா உடம்பு தன் வேலையை நிறுத்திடும். அப்புறம் திடீர்னு விட்டீங்கன்னா வலி திரும்புறது மட்டுமில்ல, ஆளே சுருண்டுடுவார். ஒரு நாளும் விடக் கூடாது."

"டூட்டி நேரம் மாறி மாறி வரும், டாக்டர்."

"கொஞ்சம் முன்னே பின்னே ஆகட்டும். நாள் தவறாம இருக்கட்டும்."

நாள் தவறாமல் இருக்க அவள் ஒரு வழி செய்தாள். பழைய நடத்துநர்கள் பயணச்சீட்டுக் கட்டுகளைச் செருகி வைக்கும், குழிகள் கொண்ட தகரத் தட்டு ஒன்று கழிவுப் பொருள் குவியலில் கிடந்தது. அதை எடுத்துத் தேய்த்துக் கழுவினாள். ஒவ்வொரு வாரமும் டிப்போ வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒட்டப்படும் டூட்டித் தாளைப் பார்த்து, கணவருடைய வரிகளைத் துண்டுத் தாளில் எழுதி வந்து, ஒரு வரிக்கு ஒரு குழி என்று ஒட்டி, குழிக்கு ஒரு மாத்திரை போட்டாள். அதிகாலை ஷிப்ட் என்றால் மூன்று மணிக்கே எழுப்பிப் பாலும் ரொட்டியும் கொடுத்து மாத்திரை. ஐந்தே முக்காலுக்கு ஸ்டியரிங்கைப் பிடிக்கும்போது விரல்கள் வேலைக்கு வந்துவிடும். இரண்டாவது ஷிப்ட் என்றால் ஒன்பதுக்கு. ஓய்வு நாளில் எட்டுக்கு. அட்டையிலிருந்து மாத்திரையைப் பிதுக்கி எடுக்க அவருடைய விரலுக்குச் சக்தி கிடையாது. அதனால் எல்லாம் அவள் கையால்தான்.

டூட்டித் தாளை எழுதுகிறவர் டைம்கீப்பர். அவளுடைய சொந்த அண்ணன்.

அண்ணனுக்கும் கணவருக்கும் பகை இன்று நேற்று ஏற்பட்டதல்ல. கல்யாணத்தன்று மாப்பிள்ளை நாற்பது நிமிடம் தாமதமாக வந்து சேர்ந்தார். வழியில் பஞ்சர் என்றார். அண்ணன் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "பஞ்சருக்கு ரிப்போர்ட் எங்கே?" என்று கேட்டாராம், நூறு பேர் நடுவில். அன்றிலிருந்து பதினெட்டு வருடம் இரண்டு பேரும் நேருக்கு நேர் பேசிக்கொண்டது வண்டி எண்ணும் மணியும் மட்டும்தான். மற்றதெல்லாம் அவள் காது வழியாகப் போய் வரும்.

கையைப் பற்றி டிப்போவுக்குத் தெரிந்தால் மருத்துவப் பரிசோதனை வரும், ஓட்டத் தகுதியில்லை என்று எழுதுவார்கள், வாசல் கேட்டில் காவலுக்குப் போடுவார்கள். அந்த வாசல் கேட்டும் டைம்கீப்பரின் கண்ணாடி அறையும் எதிரெதிரே.

"உங்கண்ணன் மூஞ்சியைப் பாத்துக்கிட்டு விசில் ஊதுறதுக்குப் பதிலா, பின் சக்கரத்துக்கு அடியில தலையை வச்சுப் படுத்துடுவேன்" என்றார் ஹாரன். வெறும் பேச்சில்லை என்று அவளுக்குத் தெரியும். ஸ்டியரிங்கை எடுத்துவிட்டால் அந்த மனிதரிடம் மிஞ்சுவது ஒன்றுமில்லை. அதைக் காப்பாற்றித் தருவதுதான் தன் வேலை என்று அவள் வரித்துக்கொண்டாள்.

அதிகாலை ஷிப்ட் தொடர்ந்து நான்கு வாரம் வந்தபோது அவளால் தாங்க முடியவில்லை. மூன்று மணிக்கு எழுப்பினால் வாந்தி, எழுப்பாவிட்டால் வலி. கண்ணாடி அறைக்குப் போனாள்.

"டூட்டியை மாத்தணும்."

"யாருக்கு?" அண்ணன் பதிவேட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"யாருக்குன்னு தெரியாதா?"

"தெரியும். அவரு வாயால கேட்கட்டும். ஊரைக் கூட்டுற வாய்தானே."

"அவரு கேட்க மாட்டாரு."

"அப்ப எதுக்குன்னு நீ சொல்லு."

அவள் எதிரே வாசல் கேட்டைப் பார்த்தாள். அண்ணன் பேனாவை மூடினார். "நேத்து ஆறு மணி வண்டியில கியரை உள்ளங்கையால தள்ளினாரு. பதினொரு மணிக்கு அதே ஆளு விரலால புடிச்சுப் போடுறாரு. அது என்ன வித்தை?"

"உங்களுக்கு வண்டி ஓட்டத் தெரியுமா, அண்ணா? தெரிஞ்சவங்க காலால கூடத் தள்ளுவாங்க. உட்கார்ந்து மணி எழுதுறவங்களுக்கு அது புரியாது."

"சரி, போ."

அடுத்த வாரத் தாளில் ஹாரனுக்குத் தங்கல் வண்டி விழுந்திருந்தது. மதியம் இரண்டு மணிக்குக் கிளம்பி எல்லைக் கோடி ஊருக்குப் போய் இரவு அங்கேயே தங்கி, மறுநாள் எட்டரைக்குக் கிளம்பி ஒன்று ஐந்துக்கு டிப்போவுக்குத் திரும்பும் வண்டி. திங்கள் போய் செவ்வாய் வருவது, புதன் போய் வியாழன் வருவது, வெள்ளி போய் சனி வருவது. ஞாயிறு ஓய்வு. யாரும் விரும்பாத டூட்டி. வாரத்தில் மூன்று இரவு மூட்டைப்பூச்சிக்குச் சொந்தமான கட்டிலில் படுக்க வேண்டும்.

அவள் கத்தரிக்கோலோடு கண்ணாடி அறைக்குப் போய் நின்றாள். "வீட்டைவிட்டே துரத்திட்டீங்கல்ல?"

"சுத்துல வந்த டூட்டி. எல்லாருக்கும் வரும்."

"உங்க வயித்தெரிச்சல் சுத்துல வந்துச்சா? என் புருஷன் மேல உங்களுக்கு அப்படி என்ன?"

அண்ணன் கடிகாரத்தைப் பார்த்தார். "உனக்கு உணவு இடைவேளை முடிஞ்சு மூணு நிமிஷம் ஆச்சு" என்றார்.

அதுவே கடைசி. அன்றோடு அவளும் அவரிடம் பேசுவதை நிறுத்தினாள்.

தங்கல் வண்டிக்கு அவள் பதினோரு மணியைக் குறித்தாள். அவர் வேலைக்கு வரும் வழியில் தையல் பிரிவுக்கு வருவார், அவள் ரொட்டியும் பாலும் கொடுத்து இயந்திர இழுப்பறையிலிருக்கும் தட்டிலிருந்து மாத்திரையை எடுத்து வாயில் போடுவாள். பக்கத்து இயந்திரத்துப் பெண்கள், "ஹாரனுக்கு ஊட்டி விடுறா பாரு" என்று சிரிப்பார்கள். "குழந்தை பல்லு முளைச்சா நிறுத்திடுவேன்" என்பாள் அவள்.

டூட்டித் தாளில் தங்கல் வண்டிக்கு ஒரு வரிதான். போவதும் தங்குவதும் திரும்புவதும் சேர்ந்து ஒரு டூட்டி. டிப்போவில் எல்லாமே டூட்டிக் கணக்குத்தான். 'ஏழு டூட்டி லீவு' என்பார்கள், 'குழந்தை பிறந்து நாற்பது டூட்டி ஆச்சு' என்பார்கள். அவளும் பத்தொன்பது வருடம் அதற்குள்ளேயே வாழ்ந்தவள். மூன்று தங்கல், ஒரு ஓய்வு. வரி நான்கு. குழி நான்கு. மாத்திரை நான்கு.

அவருக்குத் தெரியாமலா இருக்கும் என்று பின்னால் பலர் கேட்டார்கள். அவரை வாய் திறந்து கேட்க விடாமல் செய்தது இன்னொரு சண்டை.

ஸ்டீராய்டு அவருடைய முகத்தை ஊத வைத்திருந்தது. கன்னம் இரண்டும் உப்பி, கழுத்தில் சதை விழுந்து, கண் சிறுத்துவிட்டது. தங்கல் தொடங்கிய வாரம் ஏதோ பேச்சில் அவள் வாய் தவறி, "கண்ணாடியில பாருங்க, ஊதிப்போன பூசணிக்காய் மாதிரி" என்று சொல்லிவிட்டாள். அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தாள். கத்தவில்லை. மெதுவாகச் சொன்னார்:

"இனிமே நீயா கொடுத்தா முழுங்குவேன். கொடுக்கலேன்னா வாயைத் திறந்து கேட்க மாட்டேன். கேட்டா என்னைச் செருப்பால அடி."

ஹாரன் கத்தாமல் சொன்னது அந்த வீட்டில் சட்டம். அதனால் திரும்பி வரும் நாட்களில் அவள் கொடுக்கவில்லை, அவர் கேட்கவில்லை.

ஐந்து வாரம் போயிற்று. வீட்டில் மாத்திரை அட்டை மீந்தது. மருந்துக் கடைக்காரர் ஒரு அட்டை கூடக் கொடுத்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டாள். திருப்பிக் கொடுக்கலாமா என்று ஒரு நாள் யோசித்தாள், பிறகு மறந்தாள். அவருடைய முகம் வடியத் தொடங்கியது. "பழைய மூஞ்சி வருது பாருங்க" என்றாள் சமாதானமாக. அவர் அவளை முறைத்த முறைப்புக்கு அப்போது அர்த்தம் தெரியவில்லை. சாப்பாடு குறைந்தது. இடுப்புப் பட்டையில் புதிதாக இரண்டு ஓட்டை போட்டுக்கொண்டார். கோடி ஊரில் நல்ல சாப்பாடு கிடைப்பதில்லை என்று அவள் அண்ணனைச் சபித்தாள். டிப்போவில் அவருடைய குரல் கேட்கவில்லை. "ஹாரனுக்குப் பேட்டரி இறங்கிடுச்சு" என்றார்கள்.

ஆறாவது வாரம் வியாழக்கிழமை. தங்கல் வண்டி ஒன்று ஐந்துக்குத் தன் இடத்தில் வந்து நின்றது. கோடு பிசகாமல் நிறுத்தி, கைப்பிரேக்கைப் போட்டு, என்ஜினை அணைத்திருந்தார். பயணிகள் இறங்கினார்கள். அவர் இறங்கவில்லை. மணி குறிக்கப் பதிவேட்டோடு வந்த டைம்கீப்பர் ஓட்டுநர் ஜன்னலைப் பார்த்தார். பதிவேட்டைத் தரையில் போட்டார். பதினெட்டு வருடம் கை கொடுக்காத மாப்பிள்ளையை இரண்டு கையாலும் வாரி இறக்கினார்.

அவள் விரலில் ஊசியோடு ஓடி வந்தாள். அவருடைய உடம்பு குளிர்ந்து ஈரமாக இருந்தது. உதடு வெளுத்திருந்தது. கூட வந்த நடத்துநர் உளறிக்கொண்டிருந்தார்: முந்தின இரவே காய்ச்சலும் இருமலும், காலையில் மூன்று தடவை வாந்தி, வேறு டிரைவருக்குச் சொல்லலாம் என்றதற்கு, "டைம்கீப்பர்கிட்ட நீ போய் மண்டி போடு, நான் போட மாட்டேன்" என்றாராம்.

ஆஸ்பத்திரியில் சின்ன வயது டாக்டர் ஒருவர். "என்ன மருந்து சாப்பிடுறார்?" என்று கேட்டார். அவள் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போதே இழுப்பறையிலிருந்து எடுத்து வந்திருந்த தட்டை நீட்டினாள். தைரியமாகத்தான் நீட்டினாள்.

"ஸ்டீராய்டு. மூணு வருஷமா. ஒரு நாள் தவறல, டாக்டர்."

"நேத்து?"

"பதினோரு மணிக்கு. என் கையால."

"இன்னைக்கு?"

"இன்னைக்குக் கிடையாது."

"ஏன்?"

"நேத்து டூட்டிதான் இன்னும் முடியலையே."

டாக்டர் தட்டை வெளிச்சத்தில் பிடித்தார். அவள் ஒட்டியிருந்த துண்டுத் தாள்களைப் படித்தார். "இதுல செவ்வாய் எங்க?"

"அது திங்கள் தங்கல்ல வந்துடும்."

"வியாழன்?"

"புதன்ல."

சொல்லச் சொல்ல அவளுக்கே தன் குரல் யாருடையதோ போலக் கேட்டது. டாக்டர் விரல் விட்டு எண்ணவில்லை. அவருக்குத் தேவைப்படவில்லை. "ஏழு நாளுக்கு நாலு மாத்திரை" என்றார். "எத்தனை வாரமா?"

பதில் பின்னாலிருந்து வந்தது. "ஆறு வாரம்" என்றார் அண்ணன். "தங்கல் வண்டிக்கு ஒரே வரிதான் டாக்டர். நான்தான் எழுதறேன்."

ஊசி வழியாக அந்த மருந்தையே ஏற்றினார்கள். வெள்ளிக்கிழமை மதியம் அவருக்கு நினைவு வந்தது. கட்டிலின் காலடியில் நின்ற டைம்கீப்பர்தான் கண்ணில் பட்டார்.

"வண்டி எத்தனை மணிக்கு வந்துச்சு?"

"ஒண்ணு அஞ்சு."

"எழுதினீங்களா?"

"எழுதிட்டேன்."

"லேட்டு இல்லையே?"

"இல்ல, மாப்பிள்ளை."

"அப்ப எதுக்கு வந்து நிக்கிறீங்க?" என்றார் ஹாரன்.

அவளைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் செருப்பால் அடி என்று சொல்லியிருந்தாரே, அந்தச் சொல் அப்போதும் அவருக்கு நினைவிருந்திருக்கும். அவள் சொல்லியிருக்கலாம். "தப்பாக் கணக்குப் போட்டுட்டேன்" என்று மூன்று சொல். நாளைக்குக் கொஞ்சம் தேறட்டும், சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தாள். காய்ச்சல் நுரையீரலில் இறங்கிவிட்டிருந்தது. சனிக்கிழமை விடியலில் முடிந்துவிட்டது.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் நடத்துநர் வந்தார். நின்றபடியே பேசினார்.

"அக்கா, ஒண்ணு சொல்லணும். கோடி ஊர்ல காலையில அவருக்கு நான்தான் பல் துலக்கப் பசை பிதுக்கிக் கொடுப்பேன். கை அவ்வளவு மோசம். மாத்திரை போடலையா அண்ணேன்னு கேட்டா, 'உங்க அக்கா குறைச்சுட்டா. என் முகம் வடியணுமாம், அவளுக்குப் பாக்கச் சகிக்கலையாம். இருந்துட்டுப் போகுது'ன்னு சொல்லுவாரு. நீங்க குறைச்சது சரியாத்தான் இருக்கும்னு நானும்..."

"போதும். கிளம்புங்க" என்றாள்.

அன்று மாலையே அண்ணனும் வந்தார். வாசலுக்குள் கால் வைக்க அவள் விடவில்லை. கதவில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"உனக்குத் தெரியணும்" என்றார். "அவரு கை காலையில ஓடலன்னு எனக்கு ரெண்டு வருஷமாத் தெரியும். மதியத்துக்கு மேல ஓடுதுன்னும் தெரியும். மத்த ரெண்டாவது ஷிப்ட் வண்டிக்கெல்லாம் மூத்த டிரைவருங்க போட்டி. ரெண்டு மணிக்குக் கிளம்பி, மறுநாள் எட்டரைக்கு முன்னாடி ஸ்டியரிங்கைத் தொட வேண்டாத வண்டி அது ஒண்ணுதான். அதுக்காகத்தான் போட்டேன். பகையில போடலை."

பகையில்தான் போட்டார் என்று நம்பியிருந்தபோது அவரை வெறுப்பது அவளுக்குச் சுலபமாக இருந்தது.

"இதை அன்னைக்குக் கத்தரிக்கோலோட வந்து நின்னேனே, அப்ப சொல்றதுக்கு என்ன?"

"நீ கேட்ட மாதிரி கேட்டா யாரு சொல்லுவாங்க?"

"உணவு இடைவேளை மூணு நிமிஷம் ஆச்சுன்னு சொல்லத் தெரிஞ்சுதுல்ல?"

"நீ ஏன் என்கிட்டச் சொல்லல? கை முடியல, மாத்திரை சாப்பிடுறாருன்னு ஒரு வார்த்தை? அண்ணன்தானே நான்? நாள் கணக்கை நான் பாத்திருந்தா..."

"பாத்திருந்தா?"

"ஒரு வரியில ரெண்டு தேதி இருக்குன்னு சொல்லியிருப்பேன்."

"சொல்லியிருப்பீங்க. அதோட அவரை வாசல் கேட்டுக்கு மாத்தியும் இருப்பீங்க."

அண்ணன் விதிப்படி நடக்கிற மனிதர். அந்த மட்டில் பொய் சொல்லத் தெரியாதவர்.

"மாத்தியிருப்பேன்" என்றார். "உயிரோட விசில் ஊதிக்கிட்டு இருந்திருப்பாரு."

அவள் கதவைச் சாத்தினாள். வேகமாகச் சாத்தவில்லை. தாழ்ப்பாள் போடும் சத்தம் அவருக்குக் கேட்கட்டும் என்று நிதானமாகப் போட்டாள். மூன்று வருடமாகப் போடாத தாழ்ப்பாள், கிறீச்சிட்டது.

பதினைந்து நாள் கழித்து வேலைக்குத் திரும்பினாள். 'பதினைந்து டூட்டி ஆச்சா?' என்று யாரோ கேட்டார்கள். "பதினைஞ்சு நாள்" என்றாள்.

வாசலில் புதிய டூட்டித் தாள் ஒட்டியிருந்தது. தங்கல் வண்டி வேறு யாருக்கோ போயிருந்தது. திங்கள், ஒரே வரி. அடுத்த வரி புதன். கண்ணாடி அறையிலிருந்து அண்ணன் பார்த்துக்கொண்டிருப்பது அவளுக்குத் தெரிந்தது. மேலங்கிப் பையில் துணியில் குறி போடும் நீலச் சுண்ணாம்புக்கட்டி இருந்தது. அதை எடுத்து, பெட்டிக் கண்ணாடியின் மேல், தங்கல் வரி ஒவ்வொன்றின் குறுக்கேயும் ஒரு கோடு இழுத்தாள். வரி இரண்டு பாதியாயிற்று. வலப் பாதியில் 'செவ்வாய்' என்று எழுதினாள். அடுத்ததில் 'வியாழன்'. அதற்கடுத்ததில் 'சனி'.

அண்ணன் வெளியே வரவில்லை. துடைக்கவும் ஆள் அனுப்பவில்லை.

அடுத்த வாரமும் அவர் ஒரே வரியில்தான் எழுதினார். தங்கல் வண்டிக்கு இரண்டு வரி எழுத விதியில் இடமில்லை. அடுத்த வாரமும் அவள் கோடு போட்டாள். டிரைவர்கள் இப்போது அந்த நீலக் கோட்டைத் தாண்டித்தான் தங்கள் பெயரைத் தேடுகிறார்கள். எதற்கு இது என்று புதிதாக வந்தவர்கள் யாராவது கேட்டால், பழையவர்கள் கண்ணாடி அறையையும் தையல் பிரிவு ஜன்னலையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அது அண்ணன் தங்கச்சி விவகாரம், நீ வண்டியை எடு" என்கிறார்கள்.